புகையிலை தனித்து வருவதில்லை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலிலோ, எண்ணூர் விரைவுச் சாலையில் கொள்கலன் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்திலோ உள்ள ஒரு பெட்டிக்கடையைச் சற்று நேரம் கவனியுங்கள். இரவு முழுதும் வலை இழுத்தவரோ வண்டி ஓட்டியவரோ ஒருவர் வருகிறார். தேநீர் குடிக்கிறார். ஒரு பீடியைப் பற்ற வைக்கிறார். அது தீர்ந்ததும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து வாயில் அடக்கிக்கொள்கிறார். கால் மணி நேரத்துக்குள் தேயிலை, புகையிலை, வெற்றிலை, கமுகு ஆகிய நான்கு தாவரங்களின் வேதிப்பொருள்கள் அவருடைய குருதியில் கலக்கத் தொடங்கிவிடுகின்றன.

இவற்றை அவர் மருந்து என்று எண்ணுவதில்லை. அலுப்புத் தீரும், அவ்வளவே. ஆயினும் உடலுக்குப் பழக்கம் வேறு, மருந்து வேறு என்ற பாகுபாடு தெரியாது. உள்ளே வரும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அது தன் விதிப்படியே விடையளிக்கிறது. இரண்டு மூன்று மூலக்கூறுகள் ஒன்றாக வந்தால் அவை ஒன்றையொன்று தூண்டவும் தடுக்கவும் செய்கின்றன.

புகையிலைக்கு இத்தகைய கூட்டாளிகள் உலகெங்கும் உண்டு. தென்னமெரிக்காவின் அமேசான் காட்டுப் பழங்குடி மருத்துவர்கள், மாயக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் ஒரு மூலிகைக் கசாயத்தோடு புகையிலையையும் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டுச் சாதுக்களில் சிலர் கஞ்சாவுடனும் ஊமத்தையுடனும் சேர்த்துச் சிலும்பியில் அடைத்துப் புகைக்கிறார்கள். வட சென்னையில் அதற்குப் பாக்கும் சுண்ணாம்பும் துணை. இந்தக் கூட்டுகளில் என்ன நடக்கிறது? ஒருவர் மருத்துவமனைக்குப் போகும்போது இது ஏன் அவருடைய உயிரைத் தொடும் செய்தியாகிறது? இக்கட்டுரையில் அதைக் காண்போம்.

பூட்டுகளுக்குப் பெயர் தந்த தாவரங்கள்

நரம்பணு ஒன்று அடுத்த நரம்பணுவுக்குச் செய்தியை அனுப்பும்போது, தன் முனையிலிருந்து மிகச் சிறிதளவு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு செய்த சோதனை இதை ஐயமற நிறுவியது. அந்த வேதிப்பொருள் அசெட்டைல் கோலின் எனப் பின்னர் தெரிய வந்தது. லோவியும் ஹென்றி டேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தூதுப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியைப் பூட்டு என்றும் தூதுப்பொருளைச் சாவி என்றும் வைத்துக்கொள்ளலாம். சாவி பொருந்தினால் பூட்டுத் திறக்கும்; செய்தி கடந்து செல்லும். இப்படி ஒரு பூட்டு இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் 1905-இல் ஊகித்தபோது அவர் கையிலிருந்த முக்கியமான கருவி எது தெரியுமா? புகையிலையிலிருந்து கிடைத்த நிகோட்டின்தான். நிகோட்டின் தசையைச் சுருக்கியது. க்யூராரே என்னும் அம்பு நஞ்சு அச்சுருக்கத்தைத் தடுத்தது. இரண்டும் ஒரே பொருளின் மீது போட்டியிடுகின்றன என்று அவர் முடிவு செய்தார்.

1914-இல் டேல் மேலும் ஒரு படி சென்றார். அசெட்டைல் கோலினின் செயல்கள் இரு வகைப்பட்டவை என்று அவர் காட்டினார். ஒரு வகை, நிகோட்டின் செய்வதைப் போன்றது; மற்றொரு வகை, ஒரு நச்சுக் காளானிலிருந்து எடுத்த மஸ்கரீன் செய்வதைப் போன்றது. இதனால் அப்பூட்டுகளுக்கு நிகோட்டினிக் ஏற்பி, மஸ்கரினிக் ஏற்பி என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. நம் மூளையிலும் இதயத்திலும் குடலிலும் உள்ள பூட்டுகள் ஒரு புகையிலைச் செடியின் பெயரையும் ஒரு காளானின் பெயரையும் தாங்கி நிற்பது விந்தையல்லவா?

இந்த இரு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிகோட்டின் முதற்பூட்டின் சாவி. பாக்கில் உள்ள அரிகோலின் இரண்டாம் பூட்டின் சாவி. ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின், ஸ்கோபோலமீன் ஆகியவை இரண்டாம் பூட்டின் துளையில் சிக்கி அதை அடைத்துவிடும் முறிந்த சாவிகள். மூன்று தாவரங்களும் ஒரே செய்தித் தொடர்பில்தான் கைவைக்கின்றன.

சுண்ணாம்பு எதற்கு?

வகுப்பில் மாணவர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: "புகையிலையிலேயே காரம் இருக்கிறதே, சார், சுண்ணாம்பு எதற்கு?" நாக்கில் உறைக்கும் காரத்தையே அவர் கருதினார். ஆனால் விடை, வேதியியலார் காரம் என்று சொல்வதில் இருக்கிறது.

நிகோட்டின் 1828-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூறு இரு நிலைகளில் இருக்கக்கூடும். அமிலச் சூழலில் அது ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று நேர்மின்னூட்டம் பெற்றுவிடும். காரச் சூழலில் அந்த அயனியை இழந்து மின்னூட்டமற்றதாகும். உயிரணுக்களின் சவ்வோ கொழுப்பால் ஆனது. எண்ணெயில் உப்புக் கரையாததைப் போல, மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு கொழுப்புச் சவ்வுக்குள் எளிதில் நுழையாது. மின்னூட்டமற்றது வழுக்கிச் சென்றுவிடும்.

ஒரு கரைசலின் அமில, கார நிலையைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். பி.எச். 8-ஐ ஒட்டிய நிலையில் நிகோட்டினில் சரிபாதி மின்னூட்டமற்றதாக இருக்கும். இதிலிருந்து மற்றவற்றைக் கணக்கிட்டு விடலாம். பி.எச். 6-இல் நூற்றுக்கு ஒரு மூலக்கூறுதான் மின்னூட்டமற்றது. பி.எச். 7-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 9. பி.எச். 9-இலோ நூற்றுக்கு 90! உமிழ்நீர் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. அதில் ஒரு துளி சுண்ணாம்பு கலந்து பி.எச். 7-லிருந்து 9-க்கு உயர்ந்தால், கன்னத்தின் சவ்வைக் கடக்க ஆயத்தமாக நிற்கும் நிகோட்டின் பத்து மடங்காகிறது. புகையிலையின் அளவு கூடவில்லை. மின்னூட்டம் மட்டும் மாறியிருக்கிறது.

இதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித் தராமலேயே மக்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். தென்னமெரிக்காவில் கோக்கா இலையை மெல்லும் மலைவாழ் மக்களும் சுண்ணாம்பையோ தாவரச் சாம்பலையோ சேர்த்துத்தான் மெல்லுகிறார்கள். அங்கும் காரணம் இதுவே.

பாக்கு என்னும் பங்காளி

சென்னையில் மாவா என்ற பெயரில் விற்கப்படுவது சீவல் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு ஆகியவற்றைச் சேர்த்துத் தேய்த்த கலவை. பிளாஸ்டிக் தாளில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கும்போது சுண்ணாம்பு எல்லா இடத்திலும் பரவுகிறது. மேலே கண்ட கணக்கின்படி, தேய்க்கும் செயலே கலவைக்கு வலுவூட்டும் செயலாகும்.

இதில் பாக்கு வெறும் நிரப்புப் பொருளன்று. அரிகோலின் மஸ்கரினிக் பூட்டைத் திறப்பதால் உமிழ்நீர் பெருகுகிறது; உடல் வெதுவெதுப்பாகிறது; வியர்க்கிறது. பெருகிய உமிழ்நீர் புகையிலையிலிருந்து மேலும் நிகோட்டினைக் கரைத்து எடுக்கிறது. சுண்ணாம்போ அரிகோலினில் ஒரு பகுதியை அரிகெய்டின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. மூளையில் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற தூதுப்பொருள் விரைவில் உறிஞ்சப்படாமல் அரிகெய்டின் தடுக்கும். ஆகவே ஒரே உருண்டையில் ஊக்கமும் அமைதியும் கலந்து கிடைக்கின்றன. அரிகோலின் நிகோட்டினிக் பூட்டுகளில் சிலவற்றையும் ஓரளவு திறக்கும் என்று அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் 2015-இல் காட்டினர். "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான்" என்பவராலும் அதை விட முடியாமல் போவது ஏன் என்பது இதனால் ஓரளவு விளங்குகிறது.

விலையை வாய் செலுத்துகிறது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும் அவ்வாறே என்று 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. புற்றுநோய்க்கு முன்னர் வருவது வாயின் உட்சவ்வு இறுகும் நோய். பாக்கின் வேதிப்பொருள்கள் கன்னத்தின் உட்புறத்தில் கொலாஜன் நார்களை மிகுதியாகப் படிய வைக்கின்றன. சவ்வு தோல்வார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். காரமான உணவு பட்டால் எரியும். உங்கள் வீட்டில் பாக்கு மெல்லுபவர் எவரேனும் இருந்தால், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையாவிட்டால் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதிக்க வேண்டாம்.

குட்காவையும் புகையிலை கலந்த பான் மசாலாவையும் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை செய்தது. தடைக்குப் பின்னும் பொட்டலங்கள் மறைவாகக் கைமாறுகின்றன. சட்டத்தால் கடையை மூடலாம். உடலுக்குள் நிகழ்வதை அறிந்தவரே தாமாகக் கையை விலக்க முடியும்.

சென்னையிலிருந்து எடின்பரோவுக்கு

புகையிலைக் குழாய்க்கும் ஊமத்தைக்கும் உள்ள உறவில் நம் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தவர் என்று வரலாற்றில் அறியப்படுபவர் இவரே. ஊமத்தை வகை ஒன்றின் வேரையும் தண்டின் அடிப்பகுதியையும் உலர்த்தி இடித்துக் குழாயில் புகைத்தால் மூச்சிரைப்பு தணியும் என்ற இந்நாட்டு வழக்கத்தை இவர் அறிந்திருந்தார். அவர் வாயிலாக இதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் 1802-இல் அதை எடின்பரோ நகருக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் ஆஸ்துமா சிகரெட்டுகள் பரவின. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் அவற்றைப் புகைத்தவர்களுள் ஒருவர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவை மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன.

ஊமத்தைப் புகை பயன் தந்தது உண்மையே. மூச்சுக் குழல்களின் தசையைச் சுருக்குவது மஸ்கரினிக் ஏற்பி. அதன் துளையை அட்ரோப்பின் அடைத்துவிட்டால் குழல் விரியும். ஆனால் அட்ரோப்பினும் ஸ்கோபோலமீனும் மூளைக்குள்ளும் நுழைபவை. அங்கே அதே பூட்டை அடைத்தால் நினைவு குழம்பும். இல்லாதவர் எதிரே நிற்பதாகத் தோன்றும். அவரோடு பேசவும் செய்வார்கள். கண்மணி விரியும்; வாய் உலரும்; உடல் கொதிக்கும். வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை விதையைக் கொடுத்து மயக்கிக் கொள்ளையடித்தவர்கள் பற்றிய குறிப்புகள் பழைய நீதிமன்ற மருத்துவ நூல்களில் உள்ளன. நஞ்சின் அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறுபடும். சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்யாமல் கையாளலாகாது என்று விதித்திருப்பது இதனால்தான்.

இதனுடன் புகையிலை சேர்ந்தால் என்னாகும்? நிகோட்டின், நரம்பு முடிச்சுகளைத் தூண்டி அட்ரினலினைச் சுரக்க வைத்து இதயத்தை விரைவுபடுத்துகிறது. ஊமத்தையோ இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. சரிவில் இறங்கும் பாரவண்டியில் ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, மற்றொருவர் பிரேக் கம்பியை அவிழ்த்துவிடுவதைப் போன்றது இது. சிலும்பிக் கூட்டில் கஞ்சாவும் சேர்ந்தால் இதயத்துக்குச் சுமை இன்னும் ஏறும். மூச்சுக் குழலைப் பொறுத்தவரையும் இலாபமில்லை. ஊமத்தை விரித்துக் கொடுத்த குழலைப் புகை எரித்துச் சுருக்குகிறது.

வேதியியலார் இச்சிக்கலை அவிழ்த்த முறை அழகானது. அட்ரோப்பின் மூலக்கூறின் நைட்ரஜன் அணுவில் ஒரு தொகுதியைச் சேர்த்து, எந்தப் பி.எச்.-இலும் நீங்காத நிலையான நேர்மின்னூட்டத்தை ஏற்றினார்கள். 1970-களில் வழக்கத்துக்கு வந்த இப்ராட்ரோப்பியம் அப்படிப் பிறந்தது. உறிஞ்சும் மருந்தாக நுரையீரலுக்குள் சென்று அது தன் வேலையைச் செய்யும். மின்னூட்டம் காரணமாக மூளையின் சவ்வைக் கடக்காது, மாயக்காட்சியும் இல்லை. சுண்ணாம்பு மின்னூட்டத்தை நீக்கி நிகோட்டினை உள்ளே விட்டது. இங்கே மின்னூட்டத்தை ஏற்றி மருந்தை வெளியே நிறுத்தினார்கள். விதி ஒன்றுதான்.

அமேசான் கசாயமும் பாசிட்ரான் படமும்

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அமேசான் காட்டுக்குச் செல்வோம். பெரு, பிரேசில், எக்வடோர் நாடுகளின் பழங்குடியினர் காய்ச்சும் அயவாஸ்கா என்ற கசாயத்தில் பொதுவாக இரண்டு தாவரங்கள் உண்டு. ஒன்றின் இலையில் டி.எம்.டி. என்ற பொருள் இருக்கிறது. மாயக்காட்சிக்கு அதுவே காரணம். ஆனால் அதைத் தனியாகக் குடித்தால் ஒன்றும் நேராது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்ற என்சைம் அதை மூளைக்குப் போகுமுன்பே சிதைத்துவிடும். இரண்டாவது தாவரமான ஒரு காட்டுக்கொடியில் ஹார்மீன் என்ற பொருள் இருக்கிறது. அது அந்தக் காவல் என்சைமைத் தடுத்து நிறுத்துகிறது. காவலன் கட்டுண்டு கிடக்க, டி.எம்.டி. மூளைக்குச் சென்று செரட்டோனின் ஏற்பியைத் திறக்கிறது.

இச்சடங்கில் மருத்துவர் புகைப்பது மபாச்சோ எனப்படும் நாட்டுப் புகையிலை. நிக்கோட்டியானா ரஸ்டிக்கா என்ற இவ்வினத்தில் நிகோட்டின் மிகுதி. பெருவில் புகையிலையை மட்டுமே மருந்தாகக் கையாளும் தனி வைத்தியர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் புகையிலையை இக்கொடியோடு இணைத்ததில் ஒரு வேதியியல் ஒற்றுமை இருப்பது பின்னாளில்தான் தெரிந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஜோனா ஃபவுலரும் அவர்தம் குழுவினரும், இருபதே நிமிட அரை ஆயுள் கொண்ட கார்பன்-11 என்ற கதிரியக்க அணுவை மோனோ அமைன் ஆக்சிடேஸைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறில் பொதிந்து மனிதரின் குருதியில் செலுத்தினர். அந்த அணு சிதையும்போது ஒரு பாசிட்ரானை வெளியிடும். பாசிட்ரான் அருகிலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். தலையைச் சுற்றி வைத்த கருவிகள் இவ்விணைகளைப் பதிவு செய்து, என்சைம் எங்கே எவ்வளவு உள்ளது என்று படம் வரைந்துவிடும். 1996-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. புகைப்பவர் மூளையில் இந்த என்சைமின் பி வகை ஏறத்தாழ 40 விழுக்காடும், ஏ வகை 28 விழுக்காடும் குறைந்திருந்தன.

இக்குறைவுக்குக் காரணம் நிகோட்டின் அன்று. புகையில் ஹார்மான், நார்ஹார்மான் முதலிய பொருள்கள் உள்ளன. காட்டுக்கொடியின் ஹார்மீனுக்கு இவை நெருங்கிய உறவினர். என்சைம் குறைந்தால் மகிழ்ச்சியோடு தொடர்புடைய டோப்பமீன் மூளையில் நீண்ட நேரம் தங்கும். நிகோட்டினின் பிடியும் இறுகும். இந்த என்சைமைத் தடுத்துவைத்த எலிகள் நிகோட்டினை மேலும் ஆவலுடன் நாடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. நிகோட்டினை மட்டும் தரும் ஒட்டுப்பட்டையால் பலருக்குப் புகைத்த நிறைவு கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அப்படியானால் புகையிலை அயவாஸ்காவுக்கு வலுச்சேர்க்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாமா? அவசரம் வேண்டாம். புகையால் பெருகும் கல்லீரல் என்சைம் ஒன்று ஹார்மீனையே சிதைக்கும் என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஒரு பக்கம் துணை, மறு பக்கம் எதிர்ப்பு. ஹார்மீன் போன்ற தடுப்பான்கள், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளுடன் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி உயிருக்கே ஆபத்து விளையலாம். "மூலிகைதானே" என்ற சொல் இங்கே எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை.

நெருப்பு சேர்க்கும் பொருள்

இப்போது சொன்ன அந்தக் கல்லீரல் என்சைமை நாம் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும். காட்டைப் பற்றி அறியாதவருக்கும் இது பொருந்தும்.

புகையை இழுக்கும்போது சிகரெட்டின் நுனி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டுகிறது. போதிய காற்றின்றி எரியும் எந்தக் கரிமப் பொருளும், விறகானாலும் நிலக்கரியானாலும், பல வளைய ஹைட்ரோகார்பன்களை உண்டாக்கும். இலையில் இல்லாதவற்றை நெருப்பு செய்து தருகிறது. இவை உடலுக்குள் சென்றதும் கல்லீரல் விழித்துக்கொண்டு, இவற்றை ஒழிக்க சைட்டோகுரோம் 1ஏ2 என்ற என்சைமை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. அந்த என்சைம் எதிரிகளை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை. தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீனையும் சிதைக்கிறது. புகைப்பவர்க்குக் காப்பியின் ஊக்கம் விரைவில் தணிந்து மறு குவளை தேவைப்படுவதற்கு இதுவும் காரணம்.

காப்பி போனால் போகட்டும், மருந்தைப் பாருங்கள். மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின், 1888-இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். டெரிபிலின் என்ற பெயரில் நம் மக்கள் நன்கறிந்த மாத்திரையில் அது உண்டு. மனநோய்க்குத் தரும் குளோசபின் என்ற மருந்தையும் இதே என்சைம் சிதைக்கிறது. எனவே புகைப்பவருக்கு இம்மருந்துகள் கூடுதலாகத் தேவைப்படும். மருத்துவர் அவ்வாறே அளவை உயர்த்தி எழுதுவார்.

இனி, ஆபத்து தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். அவர் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அங்கே புகைக்க முடியாது. சில நாள்களில் கல்லீரலின் கூடுதல் என்சைம் இறங்கிவிடுகிறது. மாத்திரையின் அளவோ பழையபடியே இருக்கிறது. குருதியில் மருந்து மெல்ல மெல்ல ஏறுகிறது. குளோசபின் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என உயரக்கூடும். தியோஃபிலின் மிகுந்தால் வாந்தி, படபடப்பு, பின்னர் வலிப்பு. நல்ல செயலொன்றைச் செய்தவர், அதை மருத்துவரிடம் சொல்லாததால் துன்புறுகிறார்.

மெல்லும் புகையிலைக்கு இந்த விளைவு கிடையாது. அங்கே நெருப்பு இல்லை. பல வளைய ஹைட்ரோகார்பன் அந்த அளவில் உருவாவதில்லை. நிகோட்டின் பட்டையும் இந்த என்சைமைப் பெருக்குவதில்லை. ஆகவே பீடியை விட்டு மாவாவுக்கு மாறியவர் தம் பழக்கம் தொடர்கிறது என்று எண்ணினாலும், கல்லீரலைப் பொறுத்தவரை புகைப்பதை நிறுத்திவிட்டவரே ஆவார். கஞ்சாப் புகையோ, புகையிலைப் புகையைப் போலவே இந்த என்சைமைத் தூண்டும். கஞ்சாவோடு புகையிலை கலந்து புகைக்கும் இளைஞர்கள் பலர் தம்மைப் புகையிலைப் பழக்கம் உடையவராகவே கருதுவதில்லை. கஞ்சாவை விட்ட பின்னும் கை எதையோ தேடும்போதுதான், உள்ளே நிகோட்டின் குடியேறியிருப்பது தெரிகிறது.

காளான் உதவுமா?

மாயக்காட்சிப் பொருள் ஒன்றே புகையிலையை விடுவிக்க உதவுமா என்ற ஆராய்ச்சியும் நடந்து வருகிறது. சைலோசிபின் என்பது சில காளான்களில் உள்ள பொருள்; ஆல்பர்ட் ஹாஃப்மன் அதை 1958-இல் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் புகைத்துவந்த 15 பேருக்கு உளவியல் பயிற்சியோடு இரண்டு மூன்று முறை சைலோசிபின் கொடுத்தனர். ஆறு மாதத்துக்குப் பின் அவர்களில் 12 பேர் புகைக்காமல் இருந்தனர். மூச்சையும் சிறுநீரையும் சோதித்து இதை உறுதி செய்தார்கள். 2021-இல் அந்நாட்டு அரசு இவ்வாராய்ச்சியை விரிவாக நடத்த நிதி வழங்கியது.

ஆனால் 15 பேர் என்பது சிறு எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழுவும் அதில் இல்லை. வாரக்கணக்கில் நடந்த ஆலோசனையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. மருத்துவர் பக்கத்தில் அமர்ந்து, அளந்த மருந்தைக் கொடுத்துச் செய்த சோதனையைக் கொடைக்கானலில் திருட்டுத்தனமாக விற்கும் காளானோடு ஒப்பிடுவது பேதைமை. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சைலோசிபினைத் தடை செய்கிறது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

இவ்வளவையும் தொகுத்தால் ஒன்று புலனாகிறது. "புகையிலை எவ்வளவு?" என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த வழியில், எதனோடு சேர்த்து என்பவையும் தெரிய வேண்டும். சுண்ணாம்பு சேர்ந்தால் உள்ளே செல்லும் அளவு மாறுகிறது. பாக்கு சேர்ந்தால் நோய் மாறுகிறது. நெருப்பு சேர்ந்தால் மற்ற மருந்துகளின் வேலையே மாறிவிடுகிறது.

ராயபுரத்துக்கு அருகில் உள்ள ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு ஒரு நோயாளியுடன் கிடைப்பது சில நிமிடங்களே. "சிகரெட் பிடிப்பீர்களா?" என்று அவர் கேட்கிறார். பீடி பிடிப்பவரும் மாவா போடுபவரும் "இல்லை, சார்" என்று உண்மையாகவே நினைத்துச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் தந்தையோ மாமாவோ மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் செல்பவர் பெரும்பாலும் படித்த பிள்ளையாகிய நீங்கள்தான். பீடியா, சிகரெட்டா, மாவாவா, வெற்றிலையா என்பதை அவர் சார்பில் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைச் சொல்லுங்கள். அண்மையில் நிறுத்தியிருந்தால் எந்தத் தேதியில் நிறுத்தினார் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்; மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நாட்டு மருந்தோ வேறு மூலிகையோ எடுத்துக்கொண்டால், அதையும் கூச்சப்படாமல் கூறுங்கள்.

புகையிலையை விட விரும்புவோர் 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தேசிய ஆலோசனை மையத்தைத் தொடர்பு கொள்ளலாம். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் வருவது இயல்பு. அந்த வாரத்தில் காப்பியையும் தேநீரையும் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. கல்லீரலின் கூடுதல் என்சைம் குறைந்துவிட்டதால், வழக்கமான நான்கு குவளை இப்போது ஆறு ஏழு குவளைபோல் வேலை செய்யும். படபடப்பையும் தூக்கமின்மையையும் பெருக்கிவிட்டு, "பீடியை விட்டதால்தான் இந்தப் பாடு" என்று ஒருவரை மீண்டும் பெட்டிக்கடைக்கு அனுப்பிவிட அதுவே போதும்.